பச்சைக் காற்றும் வெந்த காற்றும்

என் தங்கையின் கையைப் பிடித்த அன்றே என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட அருமை மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

முப்பத்தெட்டு வருடம் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் அழைத்தேன். நீ என்னைவிட நான்கு வயது இளையவன். இருந்தாலும் தங்கையின் கணவன் என்று ஒரு மரியாதை. "என்னா மச்சான், கவர்மெண்டு கடுதாசி மாதிரியே பேசுற" என்று நீ கேலி செய்வாய். இந்தக் கடிதத்தில்தான் முதல் முறையாக 'நீ' என்று எழுதுகிறேன். எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன். மூன்றாம் தடவை அப்படியே விட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்.

நம் தேவாலயத்தின் பங்கு மலரில் நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கென்று பக்கம் ஒதுக்குவது உனக்குத் தெரியும். எல்லாரும் ஒரு படமும் ஒரு செபமும் கொடுப்பார்கள். பிலோமினா என்னிடம், "அண்ணே, நீ எழுது. செபத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரு பக்கம் கேட்டார்கள். நான் அளந்து எழுதுகிறவன்தான். ஆனாலும் இது அளவு மீறும்போல் இருக்கிறது.

உன் காரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சரியாகச் சொன்னால் அதன் டயர்களில் இருக்கும் காற்றைப் பற்றி. நீ போய் எட்டு மாதத்துக்குப் பிறகு உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது என்றால் அது இதுதான்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. சிப்பாங்கில் பெரிய பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. சில நாட்களில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கட்டணம் கட்டி, தலைக்கவசம் போட்டு, யாரும் தன் சொந்தக் காரை அதில் ஓட்டலாம். அது பந்தயம் இல்லை. முதலாவது, இரண்டாவது என்று எதுவும் கிடையாது. வேகமானவர்கள் ஒரு குழு, நிதானமானவர்கள் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிடம். பினாங்குப் பாலம் தாண்டி ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய், அங்கே இருபது நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பி வருகிற ஒரு கிறுக்கு என் மாப்பிள்ளைக்கு இருந்தது. சமையல் எரிவாயுக் கடை வைத்திருந்த மனிதன், வாழ்நாள் முழுவதும் சிலிண்டர் லாரியை மெதுவாக ஓட்டியவன். அதனால்தானோ என்னவோ.

எனக்கு அதில் என்ன வேலை? நான் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவன். வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வெப்பமானியைப் பார்த்து மணிக்கு மணி எண்ணை எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஜெலுத்தோங் ஃபிளாட்டின் பின்வாசலில் ஒரு டப்பாவை வைத்து மழையை அளந்துகொண்டிருந்தேன். யாருக்காக அளந்தேன்? யாரும் கேட்கவில்லை. கேட்காத எண்ணை நோட்டில் எழுதுகிறவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். நீ ஒரு நாள் வந்து அந்த நோட்டை வாங்கிப் புரட்டினாய். சிரிக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

"மச்சான், நீ மழைய அளந்தது போதும்லா. வா, என் டயர அளக்கலாம்" என்றாய்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இதுவரை உனக்கு நன்றி சொன்னதில்லை. சொல்ல வந்தபோதெல்லாம் நீ வேறு பேச்சு பேசினாய். இப்போது குறுக்கே பேச முடியாது. நன்றி, மாப்பிள்ளை. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்கு வேலை கொடுத்தாய்.

நீ எனக்குக் கொடுத்த முதல் பாடம், பாடம் என்று சொன்னால் உனக்குப் பிடிக்காது, சோற்றுப் பாடம். டயர் ஓட ஓடச் சூடேறும், சூடேறினால் உள்ளே காற்றின் அழுத்தம் கூடும் என்பது எனக்குப் பள்ளியிலேயே தெரியும். ஆனால் தடத்தில் எது முக்கியம் என்று தெரியாது. பெட்ரோல் நிலையத்தில் நிரப்புவதுபோல் காலையில் முப்பத்து மூன்று பவுண்டு போட்டு இறங்கினால், நாலு சுற்றில் அது நாற்பதைத் தாண்டிவிடும். டயர் பந்துபோல் உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், வளைவில் வழுக்கும். அதனால் குறைத்துத் தொடங்க வேண்டும். "அரிசி மாதிரிதான் மச்சான். பச்சையா இருவத்தாறு போட்டா, வெந்து முப்பத்து மூணு ஆவும். நமக்கு வேண்டியது சோறு. அரிசிய எவ்ளோ போடறதுன்றதுதான் கணக்கு" என்றாய். அன்றிலிருந்து நம் இருவருக்கும் ஓடுவதற்கு முன் இருப்பது பச்சைக் காற்று, ஓடிவிட்டு வந்தால் வெந்த காற்று. நோட்டில் சுருக்கமாக 'ப' என்றும் 'வெ' என்றும் போட்டேன்.

ஏழு வருடம். மூன்று நோட்டுகள். அந்தத் தடத்தில் பெரும்பாலும் வலப்பக்கமே திரும்புவதால் இடப்பக்க டயர்களுக்குப் பாரம் அதிகம், சூடும் அதிகம். அதனால் இடப்பக்கம் ஒன்று குறைத்தே பச்சை போட வேண்டும் என்று நாம் கண்டுபிடித்தோம். ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் நாமாகக் கண்டோம். வெயிலில் நிற்கிற பக்கத்து டயர் ஓடாமலே இரண்டு கூடிவிடும், அதனால் நிழலில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும் என்பது மட்டும் என் சொந்தக் கண்டுபிடிப்பு. நீ அதை எல்லாரிடமும் சொன்னாய். "எங்க மச்சான் சயன்டிஸ்ட்" என்று பக்கத்துக் கொட்டகைச் சீனப் பையன்களிடம் சொன்னாய். நான் கூச்சத்தில் டயருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

ஆனால் ஒன்று. அந்த ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் ஓர் எண்ணை முடிவு செய்ததில்லை. நீ தடத்தை விட்டு உள்ளே வருவாய், நான் நான்கு டயரையும் அளந்து காட்டுவேன். "எவ்ளோ எறக்கலாம் மச்சான்?" என்று கேட்பாய். நான் "ஒன்னு... ஒன்னரை... நீங்களே பாருங்க" என்பேன். நீ சிரித்துக்கொண்டே முடிவு செய்வாய். எழுதுகிறவன் நான், சொல்கிறவன் நீ. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் வசதியாக இருந்தது. அது வசதி மட்டும்தானா, கோழைத்தனமா என்று இப்போது யோசிக்கிறேன்.

நீ போன பிறகு கார் வீட்டு முன்னால் துணி போர்த்தியபடி நின்றது. பிலோமினா சனிக்கிழமைதோறும் துணியை விலக்கி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி போர்த்துவாள். ஜுருவில் கார் வாங்கி விற்கும் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பசியாறிக்கொண்டிருந்தோம். தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"வித்துடலாம்ணே. ஆனா அதுக்கு முன்னால ஒரு தரம் சிப்பாங்ல ஓட்டிப் பாத்துர்றேன். அவரு அதுல அப்படி என்னாத்தக் கண்டாருன்னு எனக்குத் தெரியணும்."

நான் காபியைக் கீழே வைத்தேன். அவளுக்கு அறுபத்தொன்று. நீ உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை நிதானக் குழுவில் ஓட்டியிருக்கிறாள், உண்மைதான். அப்போது பக்கத்து இருக்கையில் நீ இருந்தாய். நான் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்தேன். வயது, கண், முதுகு, எட்டு மாதமாக ஓடாத பிரேக், மழைக்காலம்.

"அண்ணே, முப்பது வருசம் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில நின்னவ நான். நீ பயப்படறதெல்லாம் எனக்குப் பழசு. காடிய மெக்கானிக் பாத்துருவாரு. காத்த மட்டும் நீ பாத்துக்க."

"நான் அளப்பேன். ஆனா எவ்ளோ வைக்கறதுன்னு..."

"அவரு இல்லல்ல? அப்ப நீதான் சொல்லணும்" என்றாள். பிறகு, "ஏன், ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. தெரியும் என்று சொல்லவும் வாய் வந்தது. சட்னி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் கேட்டாள். உன் ஞாபகமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உன் கையெழுத்தில் 'நல்ல சோறு' என்று ஒரு குறிப்பு இருந்ததே, அதைப் பார்க்கத்தான் என்று நினைத்து அனுப்பினேன். ஒரு வார்த்தை விளக்கம் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

முதல் நாளே போய் பக்கத்தில் தங்கினோம். காலையில் தடத்துக்குப் போனோம். அதே கொட்டகை வரிசை, அதே ரப்பர் வாடை. பக்கத்துக் கொட்டகைச் சீனப் பையன் ஒருவன், இப்போது அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, பிலோமினா முன்னால் வந்து தலை குனிந்து நின்றான். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். உன் பெயரைச் சொல்லாமலே உன்னைப் பற்றிப் பேசிவிட்டான்.

நான் குனிந்து இட முன் டயரை அளந்தேன். முப்பத்து மூன்று. வல முன்னும் முப்பத்து மூன்று. பின்னாலும் அதே.

"பிலோ, இது ரொம்ப இருக்கு. எறக்கணும்."

"எறக்காதண்ணே. வர்றதுக்கு முந்தின நாளு ஜுருவுல டயர் கடைத் தவுக்கேகிட்ட குடுத்து சரியா போட்டாச்சு. நோட்டுல நீ எழுதின நம்பர்தான். ஒனக்குக் காலையில குனிஞ்சு எந்திரிக்கற வேல வேணாம்னுதான்."

நோட்டில் உள்ள எண்தான் என்கிறாள். டயர் கடைக்காரர் முப்பது வருடமாக அந்தத் தொழிலில் இருப்பவர். என் காற்று அளக்கும் கேஜ் போன வருடம் ஒரு தடவை கீழே விழுந்தது. அது இரண்டு கூட்டிக் காட்டலாம். தங்குமிடத்திலிருந்து ஓட்டி வந்த சூடு ஒன்றரை இருக்கலாம். கார் நிழலுக்குள் முழுதாக வரவில்லை, வெயில் ஒன்றரை சேர்த்திருக்கலாம். என் சந்தேகங்களைக் கூட்டினால் சரியாக ஐந்து வந்தது. முப்பத்து மூன்றில் ஐந்து போனால் இருபத்தெட்டு. இருபத்தெட்டு என்றால் பாதகமில்லை. இப்படியொரு கணக்கை வேலையில் எனக்குக் கீழே யாராவது போட்டிருந்தால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். என் கையில் இருந்த கருவி ஓர் எண்ணைச் சொல்கிறது. அதை நம்பாமல், அதைப் பொய்யாக்க எனக்கு மூன்று காரணம் தேவைப்பட்டது. ஏன் தெரியுமா? நம்பினால் 'இரு, போகாதே' என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நிதானக் குழுவை அழைத்துவிட்டார்கள். அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உன் இருக்கையை இரண்டு பல் முன்னால் நகர்த்தியிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பயப்படாதண்ணே. இன்னிக்கு மேகமே இல்ல. வெயில் நம்பர்தான் போட்டிருக்கேன்."

கண்ணாடி மேலே ஏறியது. கார் போய்விட்டது.

வெயில் நம்பர். அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. நம் நோட்டில் வெயிலுக்கென்று எண் எதுவும் கிடையாது. நோட்டைத் திறந்தேன். 'இ.மு. ப 26, வெ 33. வ.மு. ப 27, வெ 33.' அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு 'ப' என்றால் பனி. 'வெ' என்றால் வெயில். முப்பத்தொரு வருடம் வானிலை நிலையத்தில் இருந்தவன் எழுதிய நோட்டை வேறு எப்படிப் படிப்பார்கள்? பச்சையும் வெந்ததும் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பாஷை. அவள் அரிசியின் இடத்தில் சோற்றை அளந்து போட்டுவிட்டாள். கேஜ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கார் முதல் சுற்றை முடித்து நேர்பாதையில் என்னைக் கடந்தது. முதல் சுற்று எல்லாருக்கும் மெதுவாகத்தான் இருக்கும். இனித்தான் வேகம் கூடும். சூடும் கூடும்.

சுவரோரம் கையில் வாக்கிடாக்கியோடு ஓர் அதிகாரி நின்றார். மலாய்க்காரர், இளைஞர். அவரிடம் போவதற்கு முப்பது அடி தூரம். அந்த முப்பது அடியை நான் எவ்வளவு நேரத்தில் கடந்தேன் என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு அடி வைப்பேன், நிற்பேன். தடத்தில் பதினெட்டு கார்கள் ஓடுகின்றன. ஒரு கிழவனின் பேச்சைக் கேட்டு ஒருத்தியை வெளியே அழைத்து, ஒன்றும் இல்லை என்று ஆனால்? அவள் கார் இரண்டாம் முறை என்னைக் கடந்தது. கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது அதன் வால் லேசாக வெளியே போய் உள்ளே வந்தது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஏழு வருடம் அந்தக் காரையே பார்த்தவனுக்குத் தெரிந்தது.

மீதி தூரத்தை ஓடினேன். ஆமாம், நான்தான்.

"அங்கின் சாலா" என்றேன். காற்று தப்பு. என் மலாய் அந்த நேரத்தில் இரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. "பதினாலாம் நம்பர். என் தங்கை. டயர் காற்று அதிகம். உள்ளே கூப்பிடுங்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கன்ஃபர்மா, பாக்சிக்?" என்று கேட்டார். உறுதிதானா, பெரியவரே என்று.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் எங்கள் வாயில் வந்தது 'மழைக்கு வாய்ப்பு உண்டு' என்பதுதான். வரும் என்று யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு அது பழக்கம். கன்ஃபர்ம் என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

"கன்ஃபர்ம்" என்றேன்.

அவர் வாக்கிடாக்கியில் பேசினார். கறுப்புக் கொடியையும் பதினான்கு என்ற பலகையையும் காட்டினார்கள். அவள் மூன்றாம் சுற்றோடு உள்ளே வந்தாள். கண்ணாடியை இறக்கியபோது அவள் முகம் வேர்த்திருந்தது.

"கூப்பிட்டுட்டாங்கண்ணே. நான் என்னா தப்புப் பண்ணேன்? காடி வேற சோப்பு மேல ஓடுற மாதிரி இருக்கு."

"நீ ஒன்னும் பண்ணல. நான்தான். ஹேண்ட்பிரேக் போடாத, சூடா இருக்கு. அப்படியே உக்காரு."

அளந்தேன். இட முன் முப்பத்தொன்பது. மற்றவை முப்பத்தெட்டை ஒட்டி. மூன்றே மூன்று சுற்றில். இன்னும் நான்கு சுற்று அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் இதைப் படிப்பாள்.

'வெ' என்றால் என்ன என்று அவளிடம் சொன்னேன். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வெந்ததா? காத்து வேகுமா?"

"அருளு அப்படித்தான் சொல்லுவாரு."

"வீட்டுல ஒரு நாளு சோறு வச்சதில்ல அந்த மனுசன். இங்க வந்து டயர்ல சோறாக்கியிருக்காரு." சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "சரி, இப்ப எவ்ளோ வைக்கற?"

பார், மாப்பிள்ளை. அந்த இடம் வந்துவிட்டது. நீ இல்லை. நோட்டில் இதற்குப் பதில் இல்லை. அரைகுறையாக வெந்த டயரில் எவ்வளவு இறக்க வேண்டும் என்று நாம் எழுதி வைத்ததே இல்லை. முழுதாகச் சூடேறாத டயர் இது, இன்னும் இரண்டு கூடும். முப்பத்து மூன்றில் நிறுத்தினால் முப்பத்தைந்துக்குப் போகும். நான் தரையில் உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து, ஒரு பக்கம் கணக்குப் போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன். அதே விடை வந்தது.

"முப்பத்தொன்னு. இடப்பக்கம் முப்பது" என்றேன்.

"சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. ஓர் எண்ணைச் சொன்னால் இன்னொரு மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொள்வது எவ்வளவு பாரமான காரியம். இந்தப் பாரத்தை ஏழு வருடம் எனக்காக நீ சிரித்துக்கொண்டே சுமந்திருக்கிறாய். அதற்கும் சேர்த்து நன்றி.

பதினோரு மணிக்கு இரண்டாவது முறை. முழு இருபது நிமிடமும் ஓட்டினாள். நான் சுவரோரம் நின்று ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன். வால் ஆடவில்லை. உள்ளே வந்ததும் ஓடிப்போய் அளந்தேன். முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று. இட முன் மட்டும் முப்பத்து மூன்றரை. அரை தப்பு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

அவள் காரை விட்டு இறங்கி, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, அந்தப் பையன் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். நான் மெல்லக் கேட்டேன்.

"என்னாத்தக் கண்டாருன்னு தெரிஞ்சுதா?"

"ஒன்னும் காணலண்ணே. பாக்க எங்க நேரம்? ஒரு வளைவு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துருது. அத முடிச்சா இன்னொன்னு." பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "எட்டு மாசத்துல இந்த இருவது நிமிசந்தான் நான் அவர நெனைக்கல. அவரு காடியில உக்காந்துகிட்டே நெனைக்கல. இது பாவமாண்ணே?"

பாவமா, மாப்பிள்ளை? பங்குச் சாமியாரிடம் கேட்கலாம். எனக்கு என்னவோ நீயும் அந்த இருபது நிமிடம் கடையை நினைத்ததில்லை, உன் சர்க்கரையை நினைத்ததில்லை, எங்கள் யாரையும் நினைத்ததில்லை என்று தோன்றியது. திரும்பி வந்து இறங்கும்போதுதான் எங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாய். அவளும் அப்படித்தான் என்னைப் பார்த்தாள். பாவம் இல்லை என்று சொன்னேன். அன்று என் வாயிலிருந்து வந்த மூன்றாவது உறுதியான வார்த்தை அது.

நான்காவதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூன்றரை மணிக்குக் கடைசி முறை. மேற்கே மேகம் எழும்பியிருந்தது. அடி கறுத்து, தலை விரிந்து, காற்று திடீரென்று குளிர்ந்து திசை மாறியது. வாழ்க்கை முழுக்க நான் பார்த்த மேகம். அந்தத் தேய்ந்த டயரில் தடத்தின் பாதியில் மழை பிடித்தால் என்ன காற்று வைத்தும் பயன் இல்லை. மற்றவர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். அவளும் தலைக்கவசத்தை எடுத்தாள்.

"பிலோ, இது வேணாம்."

"இன்னும் வரலியே."

"வரும்."

"வாய்ப்பிருக்குன்னு சொல்றியா, வரும்னு சொல்றியா?"

"வரும். போகாத."

அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலைக்கவசத்தை மறுபடி பைக்குள் வைத்தாள்.

மழை வரவில்லை.

மேகம் கடல் பக்கமாகவே நகர்ந்து போய்விட்டது. இருபது நிமிடமும் எல்லாரும் காய்ந்த தடத்தில் சுகமாக ஓட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டயர் ஆற வேண்டுமே. இறக்கிய காற்றோடு நெடுஞ்சாலையில் வீடு திரும்பக் கூடாது, ஆறிய பிறகு பழையபடி முப்பத்து மூன்றுக்கு ஏற்றியாக வேண்டும். அதற்கு எப்படியும் ஒரு மணி நேரம்.

"மழ வரலண்ணே" என்றாள்.

"வரல."

"வந்தும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "அவரா இருந்தா ஒன் பேச்சக் கேட்டுருக்க மாட்டாரு. போயிருப்பாரு."

"தெரியும்."

"அதான் நீ அவருகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

ஏழு வருடத்தில் எத்தனை மாலை அப்படி மேகம் எழும்பியிருக்கும். எத்தனை முறை 'போகாதே' என்ற சொல் என் வாய் வரை வந்து, நீ சிரிப்பாய் என்று நினைத்து விழுங்கியிருப்பேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உன் திறமையா, கடவுள் கிருபையா? என் அதிர்ஷ்டமா? நீ போனது உன் படுக்கையில், உறக்கத்தில். அதற்காக நான் எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று வேறு யாரிடமும் சொன்னதில்லை.

டயர் ஆறியது. நிழலில் வைத்து நான்கையும் முப்பத்து மூன்றுக்கு ஏற்றினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் மூடியைத் திருகி மாட்டினாள். வழியில் தாப்பாவில் நிறுத்திச் சாப்பிட்டோம். ஜுருவைத் தாண்டும்போது அந்தக் கார் வியாபாரியின் பெயர்ப்பலகை வெளிச்சமாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்க்காமலே, "ஜனவரில இன்னொன்னு இருக்காம்ணே. அந்தப் பையன் சொன்னான். அது வரைக்கும் இந்த யாவாரி பொறுக்கட்டும்" என்றாள். நான் பாலத்தில் ஏறும் வழியைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு எழுபது ஆகிறது, நெடுநாளைக்கான வாக்கு இல்லை. முழங்கால் குனிய விடுகிற வரைக்கும்தான். ஜனவரியில் அவள் போகும்போது நானும் போவேன். 'எவ்ளோண்ணே?' என்று அவள் கேட்டதும் ஓர் எண்ணைச் சொல்வேன். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்வேன். அது தப்பாகப் போனால் நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக என் பெயரை எழுதுவேன். மேகம் எழும்பினால் போகாதே என்பேன். மழை வராமல் போனால் அவளோடு உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பேன். உன்னிடம் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம் அவளிடம் சொல்லிவிடுவேன்.

உன் மனைவிக்கு அண்ணனும்,
உனக்கு என்றும் மச்சானுமான,
சூசைநாதன்